பத்தொன்பதை மாற்ற மாட்டேன்

போன மாதம் எங்கள் பத்திரிகையின் இணையப் பிரிவிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் பேசினார். நான் ஓய்வு பெற்றுப் புதுக்கோட்டையில் இருப்பதும், ஒரு காலத்தில் வாரப் பகுதியில் மோட்டார் பக்கம் எழுதியதும் அவருக்குத் தெரிந்திருந்தது. பழைய பக்கங்களை இணையத்தில் ஏற்றுகிறார்களாம். அதில் ஒரு கட்டுரை மட்டும் இடிக்கிறது என்றார். தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் ஒரு சிறிய டீசல் காரைப் பற்றியது. லிட்டருக்குப் பத்தொன்பது கிலோமீட்டர் என்று நான் எழுதியிருக்கிறேன். கம்பெனி சொன்னது இருபத்தேழு. படிப்பவர்கள் குழம்புவார்கள், கம்பெனி எண்ணையே போட்டுவிடலாமா என்று மரியாதையாகக் கேட்டார். "அந்த மாதிரி வண்டியே இப்ப புதுசா வர்றதில்லையே மேடம். மாத்துனா யாருக்கு என்ன நஷ்டம்?"

மாற்றக் கூடாது என்றேன். வேண்டுமானால் கட்டுரையையே எடுத்துவிடுங்கள், எண்ணைத் தொடாதீர்கள் என்றேன். காரணம் கேட்டார். தொலைபேசியில் சொல்லி முடிகிற காரணம் அல்ல என்பதால் எழுதுகிறேன்.

யாருக்கு நஷ்டம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். புது வண்டி வருவது நின்றதால் பழைய வண்டி ஓடுவது நின்றுவிடவில்லை. புதுக்கோட்டையிலும் கறம்பக்குடியிலும் அந்த வகைக் கார்கள் இரண்டு மூன்று கை மாறி இன்னும் ஓடுகின்றன. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர் முதலில் செல்போனில் மைலேஜ் தேடுகிறார். பிறகு மாதச் சம்பளத்துக்கு ஒரு டிரைவர் வைக்கிறார். செல்போனில் இருபத்தேழு, சாலையில் பத்தொன்பது என்றால், நடுவில் காணாமல் போகும் எட்டு கிலோமீட்டருக்கு யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த யாராவது ஒருபோதும் கம்பெனி அல்ல.

எனக்குச் சொந்த ஊர் ஆவூர்ப் பக்கம். நிருபராகச் சேர்ந்து கலெக்டர் அலுவலகம், விபத்து, மழைச் சேதம் என்று பல வருடம் ஓடியது. மோட்டார் பக்கம் என்னிடம் வந்ததற்குத் தனித் தகுதி எதுவும் காரணமில்லை. எங்கள் கிளை அலுவலகத்தில் ஜீப் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஷோரூம்களில் என்னைப் பார்த்ததும் எட்டிப் பார்த்து, "சார் பின்னால வர்றாருங்களா?" என்பார்கள். ஒரு மேலாளர், கார் நிறங்களைப் பற்றி எழுதப் போகிறீர்களா என்று கேட்டார். அவர் விற்கும் காரின் டேங்க் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று நான் கேட்டேன். உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார்.

வாரப் பகுதிக்குப் பொறுப்பாசிரியர் ராமலிங்கம் சார். திருச்சியில் இருந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது; அலுவலகத்துக்கு டவுன் பஸ்ஸில்தான் வருவார். கட்டுரைகளை நின்றுகொண்டுதான் படிப்பார். கையில் பென்சில் இருக்கும். நாம் கண்ணால் பார்க்காமல் யாரோ சொல்லி எழுதிய வரிகளின் கீழே மட்டும் கோடு போட்டுக்கொண்டே போவார். திட்ட மாட்டார், குரலை உயர்த்த மாட்டார். கோடுகள் பாதிக்கு மேல் போனால் தாளை மடித்துத் திருப்பித் தந்துவிடுவார்.

மோட்டார் பக்கத்துக்கு நான் எழுதிய முதல் கட்டுரை முழுக்கவே கோடாகத் திரும்பி வந்தது. ஷோரூம் ஆள் வண்டியை ஓட்டினார், அவருக்குத் தெரிந்த பங்க்கில் டீசல் போட்டார், திரையில் தெரிந்த மைலேஜைப் படித்துக் காட்டினார், நான் எழுதிக்கொண்டேன். ராமலிங்கம் சார் தாளை நீட்டியபடி சொன்னார்: "வண்டி நல்லாத்தான் இருக்கு ஆக்னஸ். இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

அதற்குப் பிறகு நானே ஒரு முறையை வகுத்துக்கொண்டேன். டீசலுக்கு நுரை அதிகம். பங்க்கில் டீசல் ஊற்றும் குழாய் "டக்" என்று தானாக நிற்பது டேங்க் நிறைந்ததால் மட்டுமல்ல, நுரை ஏறினாலும் நிற்கும். அந்த இடத்தில் நிறுத்திக் கணக்குப் போட்டால் லிட்டர் கணக்கில் பிசகும். ஆகவே நுரை அடங்கும்வரை காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கழுத்தில் டீசல் கண்ணுக்குத் தெரியும்வரை நிரப்பச் சொல்வேன். பங்க்கின் தரை எங்காவது சாய்ந்திருக்கும். அதனால் திரும்பி வந்து நிரப்பும்போதும் அதே பங்க், அதே பம்ப், வண்டி அதே பக்கம் பார்த்து நிற்க வேண்டும். டயரில் காற்று, வண்டி சூடாவதற்கு முன்பே பார்க்கப்பட வேண்டும். மீட்டர் காட்டும் தூரத்தைச் சாலையோரக் கிலோமீட்டர் கல்லோடு ஒத்துப் பார்ப்பேன். பல வண்டிகளில் மீட்டர் கொஞ்சம் கூடுதலாகவே ஓடும். திரையில் வரும் மைலேஜைப் படிக்கவே மாட்டேன். தன் சமையலுக்குத் தானே மார்க் போட்டுக்கொள்கிற வேலை அது.

கம்பெனி எண் பொய் என்று நான் எங்கும் எழுதியதில்லை. அது ஓர் அறைக்குள், உருளைகள் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஏசி இல்லாமல் எடுக்கப்படுவது. அந்த அறைக்குள் ஆலங்குடி சாலையின் வேகத்தடை கிடையாது, குறுக்கே வரும் ஆட்டு மந்தை கிடையாது, சித்திரை வெயில் கிடையாது. அறையில் கிடைத்த எண்ணை அறையின் எண் என்று சொன்னால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

இனி, அந்தப் பத்தொன்பது எங்கிருந்து வந்தது என்பது.

கறம்பக்குடியிலிருந்து முருகேசன் என்ற டிரைவர் ஒருநாள் எங்கள் கிளை அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. அதுவரை லாரியும் வேனும் ஓட்டியவர். அந்த ஊர் அரிசி ஆலை முதலாளி கருப்பையா, முழங்கால் வலிக்குப் பிறகு கிளட்ச் மிதிக்க முடியாமல் ஆட்டோமேட்டிக் டீசல் கார் வாங்கியிருந்தார். வெளியூர்ப் பயணத்துக்கெல்லாம் முருகேசனைத்தான் ஓட்ட வைத்தார். கார் வாங்கத் தூண்டியது எங்கள் பத்திரிகையில் வந்த ஒரு விளம்பரம். அதில் இருபத்தேழு என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதைக் கத்தரித்து, காரில் முன் சீட்டுக்கு எதிரே உள்ள பெட்டியின் உட்புறம் ஒட்டி வைத்திருந்தார்.

மில் கணக்கர் மாதாமாதம் போட்டுப் பார்த்ததில் பத்தொன்பதுதான் வந்தது. கருப்பையா முதலில் வண்டியைச் சந்தேகப்பட்டார். ஷோரூமில் வண்டியில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வண்டியில் குறையில்லை என்றால் மிச்சம் இருந்தது டிரைவர். சந்தை நாளில், பங்க்கில், டிராக்டர்களும் டெம்போக்களும் வரிசையில் நிற்க, டீசலைத் திருடி விற்கிறான் என்று கத்தி, கருப்பையா சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"வேலை போனது போகட்டும் மேடம்," என்றார் முருகேசன். "ஸ்கூல் வேனுக்குக் கேட்டுப் போனேன். தாளாளர் நல்லாத்தான் பேசுனாரு. அப்புறம் ஆள் இருக்குன்னு சொல்லிட்டாரு. டீக்கடைப் பக்கம் போனா, 'டீசல் வருது, பீடிய அணைங்கடா'ங்கிறாங்க. சிரிப்புக்குத்தான் சொல்றாக. ஆனா எவனும் சாவி குடுக்க மாட்டான்."

அவர் உதவி கேட்டு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சண்டைக்கு வந்திருந்தார். இருபத்தேழு என்று அச்சடித்தது உங்கள் பேப்பர்தானே, நீங்களே ஓட்டிப் பாருங்கள் என்றார்.

விளம்பரத்தை எழுதுவது ஆசிரியர் பகுதி அல்ல என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. அந்தப் பதில் அவருக்கு எந்த வகையிலும் பயன்படாது என்பதால் சொல்லவில்லை. ராமலிங்கம் சாரைக் கூப்பிட்டு, முருகேசனை ஓட்டச் சொல்லிப் பார்க்கப் போகிறேன் என்றேன்.

"அவரு ஓட்ட வேணாம். பக்கத்துலயே வர வேணாம்," என்றார். "குற்றம் சொன்னவரே ஓட்டட்டும். நீங்க உக்காந்து பாருங்க."

கருப்பையாவைச் சம்மதிக்க வைப்பது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அவரோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டார். இருபத்தேழை ஓட்டிக் காட்டுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அவருக்கு அதில் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.

சத்தம் நடந்த அதே பங்க்கில் நிரப்பினோம். டேங்க் மூடியின் மேல் ஒரு துண்டு நியூஸ்பிரிண்ட் தாளைக் குறுக்காக ஒட்டி, அதில் கருப்பையா ஒரு கையெழுத்தும் முருகேசன் ஒரு கையெழுத்தும் போட்டார்கள். தாள் கிழியாமல் மூடியைத் திறக்க முடியாது. கையெழுத்துப் போட்டதும் முருகேசன் யாரையும் பார்க்காமல் நடந்து போய்விட்டார்.

நான் முன் சீட்டில். பின்னால் கருப்பையாவின் மனைவி செல்லம்மாள், ஆவுடையார்கோவிலில் அர்ச்சனை செய்ய வேண்டும் என்று ஏறிக்கொண்டார். வழக்கமாகப் போகிற இடங்களுக்கு, வழக்கமாகப் போகிறபடியே போகச் சொன்னேன்.

கருப்பையா நல்ல டிரைவர்தான். ஆனால் காலில் இரண்டே நிலை: முழு மிதி, முழு பிரேக். இந்த வகை கியர்பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. கால் அழுந்த அழுந்த, வேகம் கேட்கிறார் என்று எண்ணி, கீழ் கியரிலேயே இழுத்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் காலைத் தளர்த்தினால்தான் மேல் கியருக்குப் போகும். அவர் தளர்த்தவே இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் நிற்கும் இடங்களில் நடந்தது. நெல் வாங்குகிற மனிதர். வழியில் தெரிந்த விவசாயி ஒருவரையும் விடாமல் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அறுப்பு எப்போது, ஈரப்பதம் எவ்வளவு என்று விசாரிப்பார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். ஏசியும் ஓடிக்கொண்டிருக்கும். குளிர்ந்த காற்று அவர் தோள் வழியாக வயலுக்குப் போகும். ஒருமுறை பேச்சு நீண்டபோது, அணைக்கலாமே என்று செல்லம்மாள் சொன்னார்.

"ஆட்டோமேட்டிக் வண்டிய அடிக்கடி அணைச்சு எடுத்தா உள்ள இருக்க கம்ப்யூட்டர் கெட்டுரும். ஒனக்குத் தெரியாது, சும்மா வா," என்றார் கருப்பையா.

ஆவுடையார்கோவிலில் வண்டியை நிழலில் நிறுத்தினார். எஞ்சினை அணைக்காமலே இறங்கினார். திரும்பி வரும்போது வண்டி சில்லென்று இருக்க வேண்டும், வழக்கமாக முருகேசன் உள்ளேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்வான், இன்று நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். பெரிய கோயில். சாவகாசமாகக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். அதுவரை ஒரு காலிக் கார் எனக்காக மட்டும் டீசலை எரித்துக்கொண்டிருந்தது. நான் எதையும் தொடவில்லை. பார்க்கத்தான் வந்திருந்தேன்.

பங்க்குக்குத் திரும்பியபோது முருகேசன் வந்து நின்றார். தாள் கிழியாமல் இருப்பதை இருவரும் பார்த்தார்கள். பிறகுதான் பிரித்தோம். நுரை அடங்கக் காத்திருந்து நிரப்பினோம். கணக்கை நான் போடவில்லை. மில் கணக்கரையே போடச் சொன்னேன். அவர் இரண்டு தடவை போட்டார். பதினாறு.

கருப்பையா கால்குலேட்டரை வாங்கிப் பார்த்தார். "அவன் ஓட்டுறப்ப பத்தொம்பது குடுத்துச்சே," என்றார்.

செல்லம்மாள் காருக்குள்ளிருந்தே சொன்னார்: "அப்ப மூணு கிலோமீட்டர நீங்கதான் வித்துருக்கீக."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தைரியம் இல்லை. கருப்பையா வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகுதான் முருகேசன் எனக்குப் பாக்கியைச் சொன்னார். கோயில் வாசலில் முதலாளி உள்ளே போனதும் இவர் எஞ்சினை அணைத்துவிடுவாராம். அவர்கள் வெளியே வரும் நேரம் பார்த்து மறுபடி ஓடவிட்டு வண்டியைக் குளிர வைப்பாராம். கல்யாண வீடு, வங்கி வாசல், எல்லா இடத்திலும் அப்படித்தான்.

இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"எப்படி மேடம் சொல்றது? அணைக்கக் கூடாதுன்னு உத்தரவு. அணைச்சேன்னு சொன்னா சொன்ன பேச்சுக் கேக்காதவன்னு பேரு. சொல்லலைன்னா திருடன்னு பேரு."

அதாவது, முதலாளியின் டீசலை அவருக்குத் தெரியாமல் மிச்சம் பிடித்ததுதான் அந்த மனிதர் செய்த குற்றம்.

எழுதி அனுப்பினேன். ராமலிங்கம் சார் கூப்பிட்டார். கோடு ஒன்றும் இல்லை, ஆனால் போட முடியாது என்றார். "ஒருத்தர் ஓட்டுனா அது அவரு காலோட கணக்கு. ரெண்டு பேரு ஓட்டுனாத்தான் வண்டியோட கணக்கு. இப்ப நீங்க ஓட்டுங்க."

மறுபடியும் கருப்பையா வீட்டு வாசலுக்குப் போனேன். சாவியைக் கொடுத்துவிட்டு, செல்லம்மாள் பிடித்துத் தள்ளாத குறையாக, பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அதே பங்க், மூடியில் அதேபோல் கையெழுத்துத் தாள், அதே ஊர்கள். அவர் யாரையெல்லாம் பார்த்துப் பேச விரும்பினாரோ அங்கெல்லாம் நிறுத்தினேன். நிறுத்திய இடத்தில் எஞ்சினை அணைத்தேன். அவர் எங்கள் பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டார். வேகத்தில் ஒன்றும் குறைத்து ஓட்டவில்லை. வண்டி ஓடும்போதெல்லாம் ஏசியும் ஓடியது. கணக்கர் மறுபடியும் கூட்டி வகுத்தார். பத்தொன்பதும் சில்லறையும். முருகேசன் கையில் மாதாமாதம் வந்துகொண்டிருந்த அதே எண்.

கட்டுரை அச்சுக்குப் போகும் முன்பே விஷயம் டீலருக்குத் தெரிந்துவிட்டது. விளம்பரப் பிரிவு மேலாளர் என்னைக் கூப்பிட்டார். பண்பான மனிதர். எண்ணை எடுத்துவிட்டு, ஓட்டும் விதத்தையும் சாலையையும் பொறுத்து மைலேஜ் மாறுபடலாம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் எல்லோருக்கும் நல்லது என்றார். அந்த வரியில் எந்தத் தவறும் இல்லை. எல்லா நாளும் எல்லாக் காருக்கும் பொருந்துகிற வரி. அதைப் படித்து ஒரு முதலாளிகூடத் தன் டிரைவரைப் பற்றி மனதை மாற்றிக்கொள்ள மாட்டார். முடியாது என்றேன்.

முருகேசன் பெயரைப் போடலாமா என்பதில்தான் எனக்கு அப்போது தயக்கம் இருந்தது. (இப்போது அவர் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.) அவரையே கேட்டேன்.

"என் பேரு வேணாம் மேடம். நம்பரைப் போடுங்க. என்னையக் கெடுத்தது நம்பருதானே."

ராமலிங்கம் சார் இரண்டு எண்களையும் தலைப்பிலேயே வைத்தார்: எஞ்சினை ஓடவிட்டு நின்றால் பதினாறு, அணைத்தால் பத்தொன்பது. டீலர் தொலைபேசியில் நேராக அவரையே பிடித்துச் சத்தம் போட்டபோது நான் எதிரில்தான் இருந்தேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "நீங்க வண்டி கொண்டாங்க, நீங்களே ஊத்துங்க, நீங்களே ஓட்டுங்க. நாங்க உக்காந்து பாக்குறோம்," என்று சொல்லி வைத்துவிட்டார். டீலர் வரவில்லை. அவருடைய விளம்பரமும் கொஞ்ச காலம் வரவில்லை. அதற்காக என்னிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டார்கள். கொடுத்தேன். எண் அப்படியே நின்றது.

இணையப் பிரிவு இளைஞருக்குச் சொல்வது இதுதான். என் எண் எல்லாக் காலுக்கும் பொருந்தும் என்று நான் உரிமை கொண்டாடவில்லை. குளத்தூர்ப் பக்கம் நெடுஞ்சாலையிலேயே ஓட்டுகிறவருக்கு இன்னும் கூடுதலாக வரலாம், கடைத்தெருவிலேயே சுற்றுகிறவருக்குக் குறையலாம். ஆனால் யார் நிரப்பினார்கள், யார் ஓட்டினார்கள், மூடியில் யார் கையெழுத்து இருந்தது என்று என்னால் சொல்ல முடியும். உங்களிடம் உள்ள இருபத்தேழைப் பற்றி அதில் ஒன்றையாவது சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், யோசிக்கிறேன்.

கட்டுரை வந்த வாரத்தில் கருப்பையா, முருகேசனை வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார். வீட்டுக்கு வர மாட்டேன், பங்க்குக்கு வாருங்கள் என்று முருகேசன் பதில் அனுப்பினார். எனக்கும் போன் செய்தார். பார்த்த ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றார். போனேன்.

அன்றும் சந்தை. பங்க்கில் வழக்கமான கூட்டம். கருப்பையா வண்டியை ஓரமாக நிறுத்தி, செல்லம்மாளோடு இறங்கினார். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முருகேசன் அருகில் போய், தோளில் கை வைத்து, நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே, நீ ஒன்றும் திருடவில்லை என்று எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்.

முருகேசன் கையை விலக்கவில்லை. "சத்தமாச் சொல்லுங்கய்யா," என்றார். "அன்னைக்குச் சத்தமாத்தான் சொன்னீங்க."

கருப்பையா என்னைப் பார்த்தார். நான் பார்வையை மாற்றவில்லை. வரிசையில் நின்ற டெம்போ டிரைவர் ஒருவர் தன் எஞ்சினை அணைத்தார், காதில் விழ வேண்டும் என்பதற்காக.

"முருகேசன் டீசல் திருடல," என்றார் கருப்பையா. வரிசையின் கடைசிவரை கேட்டது. பிறகு சாவிக்காகக் காருக்குள் கைவிட்டு, எஞ்சினை அணைத்து, உருவி நீட்டினார்.

முருகேசன் வாங்கிக்கொண்டார். "நிக்கிற எடத்துல இனிமே அணைப்பேன்யா. ஒளிச்சு மறைச்சுப் பண்ண மாட்டேன். ஒங்களுக்குச் சம்மதம்னா ஏறுங்க."

செல்லம்மாள் அதற்கு முன்பே ஏறி உட்கார்ந்திருந்தார். கருப்பையாவும் கதவைத் திறந்து ஏறினார்.